சமூக மன்றங்களில் ஒரு டபுள் பேஸ் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்தோருக்கான வகுப்புகளைப் பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அறுபதைத் தாண்டியவர்கள் புதிதாக ஓர் இசைக்கருவியைக் கையில் எடுப்பதால் பயனில்லை, விரல் வளையாது, மேடை ஏறும் அளவுக்குத் தேர்ச்சியும் வராது, அந்த நேரத்தை உடற்பயிற்சிக்கும் பஜனைக்கும் கொடுக்கலாம் என்பது அவருடைய கருத்து. அக்கறையோடு எழுதிய கடிதம்தான். ஆனால் அவர் போட்ட கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 64. தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மகன் குடும்பத்தோடு வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகுதான் டபுள் பேஸ் கற்கத் தொடங்கினேன். வயலினைப் போன்ற உருவம். ஆனால் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் உயரம், பத்துக் கிலோ எடை. நின்றபடி, இடுப்பில் சாய்த்துப் பிடித்து வாசிக்க வேண்டும். பெரிய மேற்கத்திய இசைக்குழுக்களில் வில்லால் இழைப்பார்கள், ஜாஸ் குழுக்களில் விரலால் மீட்டுவார்கள். நான் கற்பது ராக்கபில்லி பாணி, ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்க கால வகை ஒன்று. தந்தியை வெளிப்பக்கமாக இழுத்து விட்டால் அது திரும்பி வந்து விரல்பலகையில் ‘டக்’ என்று மோதும். அதன் பின்னாலேயே உள்ளங்கையால் பலகையை அறைய வேண்டும். சுருதியும் தாளமும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

இந்த இசையின் கதை பல தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். 1954 ஜூலையில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சன் நிறுவனத்தின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் வாசித்தார்கள். பாடிக்கொண்டே கித்தார் வாசித்தவர் 19 வயது எல்விஸ் பிரெஸ்லி. மின்கித்தார் ஸ்காட்டி மூர். டபுள் பேஸ் பில் பிளாக். டிரம்ஸ் இல்லை. அந்தப் பதிவைக் கேட்பவர்கள் காலால் தாளம் போடுகிறார்கள் என்றால் அதற்குப் பெரும் காரணம் பில் பிளாக்கின் கை. எல்விஸ் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பில் பிளாக் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஸ்காட்டி மூர் சலவைக் கடையில் இருந்தார். வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பினத்தவரின் புளூஸும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து, உழைப்பாளிகளின் கையில் உருவான இசை இது. அறைந்து வாசிக்கும் முறை அதற்கும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர்கள், பாப்ஸ் ஃபாஸ்டர் போன்றவர்கள், இப்படித்தான் வாசித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். எக்காளங்களுக்கு நடுவே பேஸ் காதில் விழ வேண்டுமானால் தந்தியை இழுத்து அடிக்கத்தான் வேண்டும்.

1951இல் ஃபென்டர் நிறுவனத்தின் மின்பேஸ் விற்பனைக்கு வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அடுத்த பத்தாண்டுகளில் பெரிய பேஸ் ஓரமாகப் போய்விட்டது. நம் ஊரிலும் அப்படித்தான். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு பையன்கள் எல்லாரும் மின்கித்தார் பக்கம் திரும்பினார்கள். டபுள் பேஸை மறுபடி முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் 1979இல் நியூயார்க் பக்கம் தொடங்கிய ஸ்ட்ரே கேட்ஸ் குழுவினர். அதில் பேஸ் வாசித்தவர் லீ ராக்கர். தாதியர் விடுதியில் என் அறைத்தோழி அவர்களுடைய ஒலிநாடா ஒன்றை வைத்திருந்தாள். இரவுப் பணி முடிந்து வந்து அதைப் போட்டுக் கேட்போம். கித்தாரையும் பாட்டையும் அவள் கேட்டாள். நான் அடியில் ஓடிய அந்த ‘டும்-டக்’கைக் கேட்டேன். பிறகு திருமணம், பிள்ளைகள், வார்டு, மாமியாரின் நீண்ட நோய். அந்த ஓசை மட்டும் என்னோடு இருந்தது.

இப்போது வாசகர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வயதான உடம்புக்குப் புதிய வாத்தியம் ஒத்துவராது என்கிறார். எந்த வாத்தியம் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

காதிலிருந்து தொடங்குகிறேன். வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். வார்டில் இதை அன்றாடம் பார்த்தோம். முதியவர்களுக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘ச’, ‘ஃப’ போன்ற ஒலிகள் உச்சத்தில் இருப்பதால் அவை முதலில் நழுவும். தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் பெரும்பாலோருக்கு நீண்ட காலம் நிலைக்கிறது. டபுள் பேஸின் ஆகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு காதுக்கு வருவதற்கு முன்பே, சாய்ந்து நிற்கும் வாத்தியத்தின் வழியாக இடுப்பெலும்புக்கு வந்துவிடும். என் செவித்திறன் சோதனை வரைபடத்தில், உச்ச ஒலிகளைக் காட்டும் வலப்பக்கத்தில் கோடு நன்றாகவே சரிந்திருக்கிறது. வயலின் கற்றிருந்தால் எனக்கு அது பெரிய தடையாக இருந்திருக்கும். பேஸில் நான் எதையும் இழக்கவில்லை.

அடுத்தது கை. என் வலக்கைக் கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம் இருக்கிறது. பேனாவை நெடுநேரம் பிடித்தால் வலிக்கும். தந்தியை இழுப்பதற்கும் பலகையை அறைவதற்கும் விசை முழங்கையிலிருந்தும் முன்கையிலிருந்தும் வருகிறது, கட்டைவிரலுக்கு அங்கே வேலை குறைவு. இடக்கையில் கீழ்ப்பகுதிச் சுரங்களுக்கு மோதிர விரலும் சிறுவிரலும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும். தனியாகச் சிறுவிரல் மட்டும் பாடுபட வேண்டியதில்லை. கட்டைவிரலால் கழுத்தைக் கிள்ளிப் பிடிக்கக் கூடாது, கையின் எடையைத் தந்தியில் தொங்கவிட வேண்டும் என்று என் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொன்னார். அவர் யூரேஷியர், என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர், ஹோட்டல்களில் வாசித்துப் பிழைப்பவர். நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கும்போது முதுகை வளைக்காமல் உடம்பின் எடையைப் பயன்படுத்துவதை எங்களுக்குப் பயிற்சியில் கற்பித்தார்கள். அந்தப் பாடம்தான் இதிலும் உதவுகிறது.

விரல் நுனியில் கொப்புளம் வரும், மறுப்பதற்கில்லை. ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்துக்குப் போகும்போதெல்லாம் தவில் வாசிப்பவர்களின் வலக்கையைப் பார்ப்பேன். விரல்களில் துணியும் பசையும் சேர்த்துக் கட்டிய கூடு மாட்டியிருப்பார்கள். ராக்கபில்லிக்காரர்களும் விரலைச் சுற்றித் துணி நாடா ஒட்டிக்கொள்கிறார்கள். வார்டில் பயன்படுத்திய துத்தநாகப் பிளாஸ்திரியே எனக்குப் போதும். இங்கே தாதியாக ஒரு வார்த்தை: நீரிழிவு உள்ளவர்கள் வாசித்து முடித்ததும் விரல்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புண் ஆற நாளாகும், சிலருக்கு வலி தெரியாமலும் போகும். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தபோது நான் இன்னும் வார்டில் இருந்தேன். நம் இனத்தவரின் கால்களையும் கைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எஃகுத் தந்தியைத் தவிர்த்து நைலான் வகைத் தந்தியைப் போட்டால் பாதித் தொல்லை குறையும். அந்தக் காலத்தில் ஆட்டுக் குடலால் ஆன தந்திதான். நம் ஊர் ஈரக்காற்றில் அது நிலையாக நிற்காது.

தேர்ச்சியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். என் கடிதத்தின் மையம் இதுதான்.

கர்நாடக இசையை ஓரளவு கேட்டவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். பேஸில் நான்கு தந்திகள்: தாழ்விலிருந்து ஈ, ஏ, டி, ஜி. ஒரு தந்தி ‘ச’ என்றால் அதற்கு அடுத்த தந்தி அதன் சுத்த மத்தியமம், அதாவது ‘ம’. ஏ தந்தியை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள டி தந்தி ‘ம’. கீழே உள்ள ஈ தந்தி மந்திர ஸ்தாயியின் ‘ப’. ராக்கபில்லிப் பாட்டுகளில் கணிசமானவை பன்னிரண்டு ஆவர்த்தன வட்டத்தில் சுழல்கின்றன. ஆவர்த்தனம் என்னும் ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் நான்கு அட்சரம், அதாவது நான்கு அடி. முதல் நான்கு ஆவர்த்தனம் ‘ச’வில், இரண்டு ‘ம’வில், மறுபடி இரண்டு ‘ச’வில், பிறகு ‘ப’ ஒன்று, ‘ம’ ஒன்று, கடைசி இரண்டும் ‘ச’. அப்படியென்றால் ஏ சுருதியில் ஒரு பாட்டு முழுவதற்கும் தேவையான மூன்று ஆதார சுரங்களும் வெறுந்தந்தியிலேயே கிடைத்துவிடுகின்றன. இடக்கை எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஒன்று, மூன்று என்ற அட்சரங்களில் தந்தியை இழுக்க வேண்டும், இரண்டு, நான்கில் பலகையை அறைய வேண்டும். சரியான நேரத்தில் தந்தி மாறினால் போதும், கூட வாசிக்கும் கித்தார்காரர் நிம்மதியாகப் பாடலாம்.

முதல் நாளே என் ஆசிரியர் கித்தாரை எடுத்து இந்த வட்டத்தில் பாடினார். நான் மூன்று வெறுந்தந்திகளோடு அவர் பின்னால் போனேன். அன்று அந்த அறையில் நடந்தது பயிற்சி அல்ல, பாட்டு. வீணையிலோ வயலினிலோ அறுபது வயதில் தொடங்கும் ஒருவருக்கு இந்த அனுபவம் கிடைக்க எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கற்பதற்கு ஆழமும் இருக்கிறது. ஓர் அட்சரத்துக்குள் மூன்று ஒலிகள் வரும் ஒரு முறை உண்டு: ஓர் இழுப்பு, இரண்டு அறை. அது நம் திஸ்ர நடை. ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே பழகினேன். அப்படித்தான் கைக்கு வந்தது. வேகமாக வாசிக்கும்போது இன்னும் கலைகிறது. ‘ச’விலிருந்து ‘ம’வுக்குப் போகும்போது நடுவில் உள்ள சுரங்களில் நடந்து போகும் அழகு இருக்கிறதே, அதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது தெரியும். இருக்கும் நாளில் நடக்கிறேன்.

வாசகரின் கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், இசை கற்பது தனியாக மேடையில் உட்காருவதற்கு என்று அவர் வைத்துக்கொள்கிறார். நம் கச்சேரி மரபே அப்படி இல்லையே. தம்புரா இல்லாமல் எந்தக் கச்சேரி நிறைந்தது? கடமும் மோர்சிங்கும்கூடப் பின்னால் இருந்து தாங்குபவைதானே. பின்னால் இருந்து மற்றவரைத் தாங்கும் வாசிப்புக்கு வேண்டியது நிதானம், கவனம், தன்னை முன்னே தள்ளாமை. இவை இருபது வயதில் எனக்கு இல்லை. வார்டில் இரவு முழுவதும் நாற்பது பேரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் வந்தன. முதியவர்களுக்கு இசைக்குழுவில் இடமில்லை என்று சொல்பவர்கள், அடியில் நின்று தாங்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

என் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கித்தார் வாசிப்பவர் ஓய்வுபெற்ற மலாய் டாக்சி ஓட்டுநர். இளமையில் 1960களின் பாப் யே யே என்ற மலாய் மின்கித்தார்ப் பாட்டுகளை வாசித்தவர். என்னை ‘கக்காக்’, அதாவது அக்கா, என்று மரியாதையாக அழைப்பார். பாடுபவர் ஒரு சீன அம்மையார், முன்பு தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்கான ஒரு ‘துடிப்பாக மூப்படையும் நிலைய’த்தில் வாசிக்கிறோம். மறதிநோய் உள்ள ஒரு பாட்டி, தமிழர், யாரோடும் பேசுவதில்லை. பேஸ் தொடங்கியதும் தொடையில் தாளம் போடுவார், இரண்டிலும் நான்கிலும் சரியாக. ‘இது என்ன, தவிலா?’ என்று ஒருமுறை என்னைக் கேட்டார். அவருடைய மகள் அழுதுவிட்டார், பல மாதங்களுக்குப் பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டது அன்றுதான் என்றார்.

இத்தனையும் எனக்குச் சுலபமாக அமைந்துவிடவில்லை. ஓர் இசைப்பள்ளியில் விசாரித்தபோது முகப்பில் இருந்த பெண் பட்டியலைக்கூடப் பார்க்கவில்லை. “ஆன்ட்டி, உங்கள் வயதுக்கு யுகலேலே இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது” என்றாள். யுகலேலே நல்ல வாத்தியம்தான். ஆனால் ஒருவர் என்ன கேட்கிறார் என்பதைக் காதில் வாங்காமல் வயதைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்கு வலித்தது. இன்னோர் இடத்தில், தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். கடைசியில் நாடு திரும்பும் ஒரு வெளிநாட்டவரிடமிருந்து பழைய பேஸ் ஒன்றை வாங்கி, வேன் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மின்தூக்கியில் சற்றுச் சாய்த்தால் நுழைகிறது.

வீட்டில் வாசிப்பதற்கும் முறை இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தரைக்கல்லில் பேஸின் கீழ்முனை பட்டால் அதிர்வு கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட வேண்டும். தந்திகளுக்கும் பலகைக்கும் நடுவே துண்டைச் செருகிவிட்டால் அறையும் ஓசை அடங்கும், கை மட்டும் பழகும். கீழ்வீட்டுச் சீன மூதாட்டியிடம் முன்கூட்டியே போய்ப் பேசினேன். பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை தாம் சந்தைக்குப் போவதாகச் சொன்னார். அந்த நேரம்தான் என்னுடையது. ஆனால் எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. வேன் கூலி கொடுக்கவும், ஆயிரக்கணக்கான வெள்ளி போட்டு வாத்தியம் வாங்கவும், கூடத்தில் அதற்கு இடம் ஒதுக்கவும் எத்தனை முதியவர்களால் முடியும்? அதிலும் பெண்களால்?

ஆகவே சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்துக்கும் அந்த மன்றங்களின் மூத்தோர் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது. வட்டாரத்துக்கு ஒரு மன்றமாவது ஒரு டபுள் பேஸ் வாங்கி அங்கேயே வைக்கட்டும். விலை உயர்ந்த முழுமரம் வேண்டாம். குளிரூட்டிய அறைக்கும் மழைக்காற்றுக்கும் மாறி மாறிப் போனால் முழுமரம் வெடிக்கும். ஒட்டுப்பலகையால் செய்தது தாங்கும். 1930களிலிருந்தே அமெரிக்காவில் ஒட்டுப்பலகைப் பேஸ்களைப் பெரிய அளவில் செய்தார்கள், ராக்கபில்லி அவற்றில்தான் வளர்ந்தது. நைலான் தந்தி போடுங்கள். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’க் கட்டையைத் தாழ்த்தி வைத்தால் முதிய விரல்களுக்கு அழுத்தச் சுலபம். பூப்பந்து ஆடுகளத்தை மணிக்கணக்கில் பதிவு செய்வதைப் போலவே பேஸையும் அறையையும் பதிவு செய்ய விடுங்கள். பகல் நேரத்தில் மன்ற அறைகள் பல காலியாகத்தானே இருக்கின்றன. வகுப்பு என்றால் முதல் நாளிலிருந்தே குழுவாக வாசிக்கும் வகுப்பாக இருக்கட்டும், தேர்வும் சான்றிதழும் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்.

நம் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு சொல். மூத்தோர் நிகழ்ச்சி என்றாலே பழைய திரைப்பாடலும் கோலமும் என்று முடித்துவிடாதீர்கள். மிருதங்கமும் தவிலும் கற்ற இளையர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் வந்து எங்களுக்குத் திஸ்ர நடையும் கண்ட நடையும் சொல்லிக்கொடுத்தால் இந்த அமெரிக்கத் தாளம் எங்கள் கைக்கு இன்னும் விரைவில் வரும். அவர்களுக்கும் வேறொரு கதவு திறக்கும்.

ஈசூன் வட்டாரத்தில் எந்தச் சமூக மன்றமாவது ஒரு பிற்பகல் அறை கொடுத்தால் என் பேஸைக் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அதை நிறுத்திப் பிடித்து, ஏ தந்தியில் தொடங்கி, பன்னிரண்டு ஆவர்த்தனம் வாசித்துப் பார்க்கலாம். கித்தாருக்கு என் மலாய் நண்பர் வருவார். கடிதம் எழுதிய வாசகரையும் அன்போடு அழைக்கிறேன், அவருக்குத்தான் முதல் முறை. ஏற்பாடு செய்ய விரும்புகிறவர்கள் உங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் அனுப்பலாம். வேனிலிருந்து வாத்தியத்தை இறக்க மட்டும் யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்